முப்பத்தோரு சங்கிலிப் பயணம்

அன்று வியாழக்கிழமை. சித்திரையில் பாதி கழிந்திருந்தது. எமகண்டம் காலை ஏழரைக்கு முடிந்தது. இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்து, ஏழு நாற்பதுக்கு என் மனைவி கனகம் மஞ்சள் துணி மூட்டை ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசற்படி இறங்கினாள். வலது கால் முதலில். திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் மகள் வசந்தாவும் நான்கடி பின்னால் நடந்தோம். செஞ்சிக் கடைத்தெருவில் அப்போதுதான் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளித்த புழுதி வாசனையும் கடலை வறுக்கிற வாசனையும் கலந்து வந்தன. திருவண்ணாமலை சாலையில் மேற்கே திரும்பியதும் வெயில் முதுகுக்குப் போயிற்று. கனகம் வழியில் யாருடனும் பேசவில்லை. பேசினால் பயணத்துக்கு ஆகாது என்பது அவள் வீட்டு நம்பிக்கை.

கடலை மண்டி துளசிங்கம் என் பள்ளித் தோழர். எங்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“இன்னா சர்வேயரே, ஐரோப்பாவுக்கு எங்க மண்டி வழியாத்தான் போவணுமா? இத்தினி நாளு தெரியாமப் போச்சே.”

கனகம் சிரிக்கவில்லை. துளசிங்கம் உள்ளறை உத்தரத்தில் எலிக்கு எட்டாத ஒரு கொக்கியைக் காட்டினார். ஸ்டூல் போட்டு ஏறி அவளே மாட்டினாள்.

“பத்திரம்ண்ணா. நாங்க போய்ட்டு வந்துதான் எடுப்போம்.”

டைரியில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: ‘7.40 புறப்பாடு. 7.51 மண்டி. வெயில்.’ பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லாததால், அந்தத் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தேன். என் வாசற்படியிலிருந்து மண்டிப் படி வரை முப்பத்தோரு சங்கிலி. சங்கிலி என்பது நில அளவைக்காரர்களின் கணக்கு. ஒரு சங்கிலிக்கு இருபத்திரண்டு கஜம்.

பரஸ்தானம்

மூட்டையைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு நல்ல நாள் ஒன்றாகவும், வண்டி கிடைக்கிற நாள் வேறொன்றாகவும் அமைந்துவிடும். அப்போது நல்ல நாளில், நல்ல வேளையில், தங்கள் உடைமையில் கொஞ்சத்தை மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் உள்ள இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். மூட்டை புறப்பட்டுவிட்டால் மனிதர்களும் புறப்பட்டதாகவே அர்த்தம். பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் போய், அதை எடுத்துக்கொண்டு மேலே நடக்கலாம். பயணம் முடியாமல் மூட்டை மட்டும் வீட்டுப் படி ஏறக் கூடாது.

திசை விஷயத்தில் எங்களுக்குள் ஒரு வாதம் நடந்தது. செஞ்சியில் ரயில் கிடையாது. எங்கே போவதானாலும் முதலில் கிழக்கே திண்டிவனத்துக்கு பஸ் ஏற வேண்டும். ஆகவே கிழக்குதான் திசை என்றேன் நான். போய்ச் சேரும் இடம் எங்கே இருக்கிறதோ அதுதான் திசை என்றாள் கனகம். வசந்தாவின் பள்ளி அட்லஸில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மேற்கும் வடமேற்கும். தோற்றேன். துளசிங்கத்தின் மண்டி ஊரின் மேற்கே இருந்ததால் தேர்வாயிற்று.

ராஜுவின் கடிதம்

என் மகன் ராஜு அதற்கு நான்கு வருஷம் முன்பு ஜெர்மனி போனான். ஸ்டட்கார்ட் நகரத்தில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி. பிறகு அங்கேயே வேலை. ரயில்வேயில் டிக்கெட் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் வீட்டில் அறை எடுத்திருந்தான். அவருக்கு ஹெல்கா என்று ஒரு மகள் உண்டு என்பது அவன் கடிதங்களிலிருந்து தெரியும். அவள்தான் அவனுக்கு மொழி சொல்லிக்கொடுத்தாள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி போல ஏதோ செய்து கொடுத்தாள். இவை எனக்கு வீட்டுக்காரர் குடும்பத்தின் நல்ல குணமாகத் தெரிந்தன.

இங்கே ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். ராஜு போன இரண்டாம் வருஷம், திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்தவரின் மகன் ஒருவன் லண்டனில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அதைப் பற்றி என் அபிப்பிராயத்தை எண் போட்டு நான்கு அம்சங்களாக ராஜுவுக்கு எழுதினேன். நான்காவது அம்சம்: ‘நம் வீட்டில் இது நேராது என்று நம்புகிறேன்.’ பதில் கடிதத்தில் அவன் அங்கே பெய்த பனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான்.

பரஸ்தானம் வைத்த வருஷம் தை மாதக் கடைசியில் கனமான உறை ஒன்று வந்தது. ‘நீங்கள் மூவரும் வாருங்கள். கப்பலுக்கு நீங்கள் பாருங்கள், இறங்கியபின் நான் பார்த்துக்கொள்கிறேன். மே மாதமே வாருங்கள்.’ மே மாதமே என்பதன் கீழ் இரண்டு கோடு.

கூடவே ஒரு தாள். வீட்டுக்காரர் தம் கையால் எழுதிய பயணத் திட்டம். எழுத்து அச்சுப் போல இருந்தது. ஏழு என்ற எண்ணுக்கு மட்டும் நடுவே ஒரு சின்னக் குறுக்குக்கோடு போட்டிருந்தார். பம்பாயில் மலிவு வகுப்பில் கப்பல், நேப்பிள்ஸில் இறக்கம், ரோமில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் யாத்திரிகர் விடுதியில் இரண்டு நாள், மிலானுக்கு இரவு ரயில், அறை வாடகை மிச்சம், ஜூரிச்சில் ரயில் மாற நான்கு மணி நேரம், அதற்குள் ஏரியைப் பார்த்துவிடலாம், பிறகு ஸ்டட்கார்ட். திரும்புகையில் பாரிஸில் ராஜுவின் சிநேகிதன் அறை. மார்செய் துறைமுகத்தில் கப்பல். எந்த ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும், எந்த நிலையத்தில் குடிதண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் எழுதியிருந்தார்.

என் உத்தியோக வாழ்வில் இப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை. உலகத்தில் இன்னொரு மூலையில் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்தான் எனக்கு வினையாயிற்று.

வடக்கே சூலம்

கனகம் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எந்தத் திசைக்கு எந்தக் கிழமையில் சூலமோ அந்தக் கிழமையில் அந்தத் திசையில் போகக் கூடாது. செவ்வாயும் புதனும் வடக்குக்கு ஆகாது. வெள்ளியும் ஞாயிறும் மேற்குக்கு. வியாழன் தெற்குக்கு. திங்களும் சனியும் கிழக்குக்கு.

நான் அட்லஸைத் திறந்தேன். ரோமிலிருந்து மிலான் வடக்கு. வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை போட்டிருந்தார். மிலானிலிருந்து ஜூரிச் வடக்கு. அது புதன்.

“பரிகாரம் இருக்குதே. வடக்கால போறதுன்னா பால் குடிச்சிட்டுப் போலாம்” என்றாள் வசந்தா. “ரோமுல பால் கெடைக்காதாம்மா?”

“ஒனக்கு எல்லாம் கேலி.”

“போப்பாண்டவரு ஊருக்குப் போயி ராகு காலம் பாக்கப் போறீங்க. கேலி இல்லாம இன்னா.”

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அண்ணன் எழுதிய ஜெர்மன் வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு மாட்டுக்கும் கோழிக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கத் திண்டிவனம் போனபோது மூவரில் அவள் ஒருத்திதான் சிரித்தாள். படக்காரர் அதற்காகவே அவளுக்கு இரண்டாவது படம் எடுக்க வேண்டியதாயிற்று. கனகம் வழிக்கு அவலும் பொட்டுக்கடலை மாவும் எலுமிச்சை ஊறுகாயும் என்று ஒரு பட்டியல் சொல்ல, நான் எழுதினேன். எங்கள் வீட்டில் அவ்வளவு பேச்சு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

கோட்டை அடிவாரத்தில்

அந்த மாசியில் ஒரு ஞாயிறு, ராஜகிரி ஏறிவிட்டு இறங்கிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைக் கோட்டை வாசலில் சந்தித்தோம். மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்த அம்மாள் வெயிலில் சிவந்துபோய் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கப்பலில் எந்த மாதம் கூட்டம் குறைவு என்று விசாரித்தேன். கோடை முடிந்ததும், செப்டம்பருக்கு மேல், கட்டணமே குறையும் என்றார் அந்த மனிதர்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் கனகம் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டையே பார்த்தாள். விரல்களைக் குவித்துப் பார்த்தாள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டு கையைக் கொடுத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். டைரியிலும் அப்படியே எழுதினேன்.

மறுநாளே கப்பல் கம்பெனிக்குக் கடிதம் போட்டேன். அந்த மனிதர் சொன்னது சரி. செப்டம்பர் கட்டணம் குறைவுதான்.

சிவப்பு மை

எங்கள் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தின் மூல வரைபடம் கறுப்பு மையில் இருக்கும். பிற்பாடு பாகப் பிரிவினை, கிரயம் என்று ஏதாவது நேர்ந்தால் புதிய எல்லையைச் சிவப்பு மையில் போடுவோம். கறுப்பை அழிக்க மாட்டோம். சிவப்பு எங்களுக்குக் கோபத்தின் நிறம் அல்ல. கடைசியாகத் தீர்ந்துபோன விஷயத்தின் நிறம்.

ஒரு முறை அவலூர்பேட்டைப் பக்கம் அண்ணன் தம்பி இருவருக்கு நிலம் பிரித்தேன். கிணற்றை ஒட்டி நான் கோடு போட்டு முடித்ததும் தம்பிக்காரன் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். கோடு போட்டாயிற்று, ஆட்சேபணை இருந்தால் மனு கொடு என்றேன். அவன் மனு கொடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அவன் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று சில நாட்களில் யோசிக்கிறேன்.

வீட்டுக்காரர் எழுதிய தாளை மேசைமேல் விரித்து, சிவப்பு மைப் புட்டியைத் திறந்தேன். மே மாதத் தேதிகள் ஒவ்வொன்றின் மேலும் செப்டம்பர் தேதி போட்டேன். செவ்வாயை வியாழனாக்கினேன். புதனைச் சனியாக்கினேன். எந்தத் திசைக்கு எந்தக் கிழமை ஆகாது என்பதை ஓரத்தில் ஆங்கிலத்தில் குறித்தேன். கீழே மூன்று பத்தியில் ஓர் அட்டவணை: மே கட்டணம், செப்டம்பர் கட்டணம், மிச்சம். கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

வசந்தா பக்கத்தில் நின்றிருந்தாள்.

“மே மாசமேன்னு அண்ணன் ரெண்டு கோடு போட்டிருக்குதே, நைனா.”

“அவனுக்குக் கட்டண விவரம் தெரியாது. பார்த்தால் புரிந்துகொள்வான்.”

கனகம் சமையலறை நிலைப்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. பிறகு உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து ராஜுவிடமிருந்து பதில் வந்தது. ‘சரி நைனா. உங்கள் சௌகரியம்.’ அந்த நீல நிற உறைத்தாளில் மீதி இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. மகன் ஒத்துக்கொண்டான் என்று கோப்பில் சேர்த்தேன்.

கனகம் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மே மாதப் பயணத்துக்காகச் சித்திரையில் பார்த்து வைத்த நாளில் பரஸ்தானம் வைத்தே ஆக வேண்டும் என்றாள். பயணமே நான்கு மாதம் தள்ளிப் போயிருக்கையில் எதற்கு என்று கேட்டேன். பார்த்த நாள் வீணாகக் கூடாது என்றாள். அதில் செலவு ஒன்றும் இல்லை. சம்மதித்தேன். மூட்டையில் என்ன வைத்தாய் என்று கேட்கவில்லை.

ஏழரை

வைகாசி முடியச் சில நாள் இருந்தபோது, காலையில் ஆபீசுக்குப் போகிற வழியில் துளசிங்கம் கூப்பிட்டார். மண்டியில் ரேடியோ வைத்திருந்தார்.

“சர்வேயரே, சேதி கேட்டியா? ரூபா வெலயக் கொறச்சிட்டானுவ. டாலரு நாலே முக்காலு ரூபா இருந்தது ஏழரை ரூபா ஆயிடுச்சாம்.” நான் விரல் விட்டுக் கணக்குப் போடுவதைப் பார்த்து, “ஏழரைன்னு பாத்து வெச்சிருக்கான் பாரு நம்பர” என்றார். பிறகு அவரும் சிரிக்கவில்லை.

கப்பல் கட்டணம் வெளிநாட்டுப் பணத்தில் நிர்ணயிக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் கம்பெனியிலிருந்து புதுக் கட்டணம் வந்தது. மூன்று பேருக்கு நான் சேர்த்திருந்த தொகை இரண்டு பேருக்குக்கூடப் போதவில்லை. என் அட்டவணையின் மூன்றாவது பத்தி, மிச்சம் என்று தலைப்புப் போட்டது, எங்கேயோ போய்விட்டது. மேயில் போயிருந்தால் பழைய விலையில் போய், இந்நேரம் ஊர் திரும்பும் கப்பலில் இருந்திருப்போம். இதைச் சொல்ல எனக்கு யாரும் தேவைப்படவில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இருவர் மட்டும் போனால் என்று பார்த்தேன். கனகமும் வசந்தாவும் என்று பார்த்தேன். ரோமை விட்டுவிட்டால், பாரிஸை விட்டுவிட்டால், திரும்பும் வழியை மாற்றினால் என்று பார்த்தேன். இரண்டு ஏக்கர் மானாவாரி இருந்தது. அது வசந்தாவின் கல்யாணத்துக்கு. எப்படிப் போட்டாலும் கணக்கு சேரவில்லை; எங்கள் அளவை பாஷையில் சொன்னால், எல்லை மூடவில்லை.

மூன்று நாற்காலிகள்

ஆனியில் ராஜுவின் உறை வந்தது. உள்ளே ஒரு புகைப்படம் இருந்தது.

ஒரு வீட்டுத் தோட்டம், பூத்த மரம். அதன் கீழே கோட்டும் சூட்டுமாக ராஜு. பக்கத்தில் வெள்ளை உடையில் உயரமான பெண். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். முன்வரிசையில் ஒரு பக்கம் தடித்த கண்ணாடி போட்ட பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மறு பக்கம் மூன்று நாற்காலிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூங்கொத்து. ஆள் இல்லை.

படத்தின் பின்னால் மே மாதக் கடைசிச் சனிக்கிழமையின் தேதியும் நேரமும். எண்களில் ஒரு ஏழு இருந்தது. ஏழின் நடுவே குறுக்குக்கோடு.

ராஜுவின் கடிதம் ஆறு வரி. ‘சொல்லாமல் செய்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வந்த பிறகு நேரில் சொல்லிச் சம்மதம் வாங்கலாம் என்று இருந்தேன். அதனால்தான் மே மாதம் என்று கோடு போட்டேன். ஹெல்காவின் அப்பா நாற்காலிகளை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.’

கனகம் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெகு நேரம் பார்த்தாள்.

“வெள்ளப் பொடவையில நிக்குது பொண்ணு” என்றாள்.

உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. பெரியவர் புதிதாக எழுதிய பயணத் திட்டம், செப்டம்பருக்கு. என் சிவப்புத் திருத்தங்கள் ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டு, சுத்தமாகக் கறுப்பு மையில் எழுதியிருந்தார். வடக்கே செவ்வாய் இல்லை, புதன் இல்லை. மேற்கே வெள்ளி இல்லை. அடியில் அவர் எழுதிய குறிப்பை ராஜு தமிழில் பெயர்த்திருந்தான்: ‘கிழமைகள் விஷயத்தில் தாங்கள் சொன்னதே சரி. இதனால் மிலானில் ஒரு நாள் கூடுகிறது. அங்கே நிலையத்தில் என் நண்பர் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கலாம். வாடகை இல்லை.’

அவர் என்மேல் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எந்தக் கடிதத்துக்கும் மூன்றாம் நாள் பதில் போடுகிறவன் நான். இதற்கு இருபத்து மூன்று நாள் ஆயிற்று. ‘செலவு மாறிவிட்டபடியால் பயணம் ஒத்திவைக்கப்படுகிறது. மணமக்களுக்கு எங்கள் ஆசீர்வாதம்.’ கறுப்பு மையில்தான் எழுதினேன். அதற்குப் பிறகு ராஜு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எழுதுகிறான். ஒரு பக்கத்துக்கு மேல் போவதில்லை.

இரண்டு பத்து

செப்டம்பரில் நாங்கள் நேப்பிள்ஸில் இறங்கியிருக்க வேண்டிய நாள் வந்தது. அன்று தளவானூரில் ஒரு வாய்க்கால் தகராறு. நாள் முழுக்க அளந்தேன். திரும்பி வரும்போது வசந்தா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாட்டிடம் ஜெர்மன் பேசுவதை அவள் நிறுத்திச் சில மாதம் ஆகியிருந்தது.

புரட்டாசிக் கடைசியில் துளசிங்கம் ஆள் அனுப்பினார். புதுக் கடலை வருவதற்கு முன் மண்டிக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். உள்ளறையைக் காலி செய்தாக வேண்டும்.

போனேன். மூட்டையை இறக்கி, தூசி தட்டி, என் கையில் கொடுத்தார்.

“எடுத்துனு போறதுன்னா போ. இங்கியே இருக்கட்டும்னாலும் இருக்கட்டும். எனக்கு அது ஒண்ணும் எடம் அடைக்கல.”

ராஜுவுக்குத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மனிதர்கள் போகாவிட்டாலும் மூட்டையாவது போய்ச் சேரும். வெளிநாட்டுப் பார்சலுக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பாரத்தில் எழுத வேண்டும். ஆகவே மண்டியிலேயே ஒரு கோணியை விரித்து, முடிச்சை அவிழ்த்தேன்.

மேலே ராஜுவுக்கு ஒரு வேட்டி, துண்டு. கடலைப் பை, பூச்சி விழுந்து பாதி மாவாகியிருந்தது. அதற்குக் கீழே ஓர் அரக்கு நிறப் பட்டுப் புடவை. அதை அடையாளம் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கனகத்தின் கூறைப் புடவை. பெட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். புடவை மடிப்புக்குள் மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், மஞ்சள் தடவிய கயிறு. கடைசியில் காகிதம் சுற்றிய ஒரு டஜன் கண்ணாடி வளையல்.

வளையல்கள் பெரியவை. எங்கள் வீட்டில் யாருக்கும் சேராது. காகிதத்தில் கடைக்காரர் அளவு எழுதியிருந்தார்: இரண்டு பத்து. கனகமும் வசந்தாவும் போடுவது இரண்டு நாலு.

கோட்டை வாசலில் அந்த வெள்ளைக்கார அம்மாளின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. என் டைரியில் கைக்கடிகாரம் என்று எழுதியிருக்கிறது.

எல்லாவற்றையும் அப்படியே துளசிங்கத்தின் கோணியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கனகம் கொல்லையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மூட்டையைப் பிரித்தேன்” என்றேன்.

அவள் நிமிரவில்லை.

“உனக்கு எப்போது தெரியும்?”

“மே மாசம்னு கோடு போட்டு எழுதுனான். பெத்தவங்கள அவ்ளோ தூரம் கூப்புடறான். கல்யாணத்துக்கில்லாம வேற எதுக்குக் கோடு போடுவான்?” இரண்டு கொட்டையை எடுத்துத் தனியே போட்டாள். “கடுதாசிக்குக் கடுதாசி அந்தப் பொண்ணு பேரு வருது. நீங்களும்தான் படிச்சீங்க.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொல்லலாம்னுதான் வந்தேன்.” இப்போதுதான் என்னைப் பார்த்தாள். “நீங்க செவப்பு மையத் தொறந்துட்டீங்க.”

அடுப்படி நிலையில் கரண்டியோடு நின்றவளை நான் பார்த்திருந்தேன். அதை டைரியில் எழுதவில்லை. எழுத அதில் ஒன்றும் இல்லை என்று அன்று நினைத்தேன்.

தபாலில் அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

“கூறப் பொடவைய மாமியாருதான் கையில குடுக்கணும். தபால்காரன் குடுக்கறதா? இருக்கற எடத்துலயே இருக்கட்டும். நான் பொறப்பட்டவ பொறப்பட்டவதான்.”

மண்டிக்குத் திரும்பிப் போனேன். பூச்சி விழுந்த கடலையைக் கொட்டிவிட்டு, துளசிங்கத்திடம் நல்ல கடலை கால்படி வாங்கிப் பையில் நிரப்பினேன். புடவையை இருந்த மடிப்பிலேயே வைத்தேன். வளையல் காகிதத்தை அதன் நடுவில் வைத்துக் கட்டினேன். சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் உள்ளறையை முடிக்கும்வரை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கல்லா ஓரம் உட்கார்ந்திருந்தேன். துளசிங்கம் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு அதே கொக்கியில் மாட்டினேன்.

வருஷா வருஷம் புதுக் கடலை வரும்போது போய்ப் பையில் இருப்பதை மாற்றிவிட்டு வருகிறேன். இந்த வருஷமும் போய் வந்தேன். பெரியவர் எழுதிய இரண்டு தாள்களும், முத்திரை விழாத மூன்று பாஸ்போர்ட்டுகளும் என் மேசை அறையில் இருக்கின்றன. எங்கள் ஐரோப்பியப் பயணத்தில் கனகம் இதுவரை கடந்திருப்பது முப்பத்தோரு சங்கிலி. இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டேன். அளவில் பிழை இல்லை.